கயிற்றுக் கட்டிலில் கமகம்

சர்க்கரை ஆலை ஊரான படாளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “‘டெல்லி-6’ படத்தில் ‘ரெஹ்னா தூ’ பாட்டு முடிகிற இடத்தில் ஒரு ஒலி வளைந்து நெளிந்து போகிறதே, அது வீணையா, கீபோர்டா?”

இரண்டும் இல்லை. 2009இல் வந்த அந்தப் பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான் வாசித்தது கன்டினூம் ஃபிங்கர்போர்டு. அமெரிக்காவின் லிப்போல்ட் ஹேகன் உருவாக்கிய கருவி.

சாதாரண கீபோர்டில் தோடி ராகத்தின் காந்தாரம் படாதபாடு படும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சுரம் கிடையாது. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருகிக் கச்சேரியே செய்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் சக்கரம் திரும்பினால், அப்போது ஒலிக்கும் சுரங்கள் அத்தனையும் சேர்ந்தே வழுக்கும்.

கன்டினூமில் கட்டைகளே இல்லை. மேலே மெத்தென்ற சிவப்பு நியோப்ரீன் விரிப்பு. அடியில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய கம்பிகள் ஸ்பிரிங்கில் மிதக்கின்றன. ஒவ்வொரு கம்பியின் இரு நுனியிலும் குட்டிக் காந்தம். அது எவ்வளவு இறங்கியது என்பதை, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் அளக்கிறது. மின்சார ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டர் திருகலை அளக்கிற அதே சங்கதி.

இப்படி நினைத்துப் பாருங்கள்: நீளவாட்டில் மட்டும் கயிறு கட்டிய கட்டிலில் தாத்தா உட்காருகிறார். அவருக்கு நேர் கீழே உள்ள கயிறு நன்றாகத் தொய்யும். அக்கம்பக்கத்துக் கயிறுகள் கொஞ்சம். எது எவ்வளவு தொய்ந்தது என்று அளந்தால், இரு கயிறுகளுக்கு நடுவே அவர் இருக்கும் இடம்கூடத் தெரிந்துவிடும். அந்த இடம்தான் சுருதி. மொத்தத் தொய்வு, அதாவது தாத்தாவின் கனம், ஒலியின் அளவு. தலைமாட்டுக்கு நகர்ந்தால் ஒரு நாதம், கால்மாட்டுக்கு நகர்ந்தால் வேறொன்று. பேரன் ஏறினால் இரண்டாவது சுரம். கொசு கடித்துத் தாத்தா நெளிந்தால் கமகம்!

   

“இனி வீணை எதற்கு?” என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். தந்தியை இழுக்கும்போது இறுக்கம் விரலுக்குத் திருப்பிப் பேசும். இந்த விரிப்பு பேசாது. விரல் வைத்த கணத்தில் பக்கத்துச் சுரத்தில் கொண்டு நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் கமகத்துக்குக் காதுதான் கதி. இந்தக் கருவிக்கு ராகம் தெரியாது.

வாசகரே, வீட்டுப் பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கும் எண்ணமிருந்தால், பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே வாய்ப்பாட்டு வகுப்பிலும் சேர்த்துவிடுங்கள்.