தங்கவயல்: எண்ணி எடுத்த பொன்னும் எண்ணாமல் விட்ட மூச்சும்

இந்தியாவில் தங்க வேட்டை நடந்த ஊர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கோலார் தங்கவயல்தான். அங்கே பொன் இருப்பதை வெள்ளைக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1802-ல் எல்லை அளக்கும் வேலையாக வந்த ஜான் வாரன், மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்தார். பல ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் அதைப் படித்துவிட்டு மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார்.

1880-களின் தொடக்கத்தில் லண்டனில் தென்னிந்தியத் தங்கப் பங்குகளுக்கு ஏக கிராக்கி. வயநாட்டை நம்பிய கம்பெனிகள் பல மண்ணைக் கவ்வின. கோலாரிலும் போட்ட பணம் கரைந்துகொண்டிருந்தபோதுதான், பழங்காலக் குழிகளுக்குக் கீழே ‘சாம்பியன்’ தங்கப் படிவம் அகப்பட்டது. பிறகு சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் கொடி பறந்தது.

காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து 1902-ல் சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு அது வந்தது 1905-ல்தான். கிளப், பங்களா, தேவாலயம் என்று துரைமார் வாழ்ந்த பகுதிக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்றே பெயர்.

சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் அவர்களில் அதிகம். பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிடப் பாறைக்குள் இறங்குவது மேல் என்று கிளம்பி வந்த கூட்டம் அது. மூங்கில் தட்டியால் அடைத்த ஒற்றை அறைதான் வீடு. இரும்புக் கூண்டில் ஏறினால் ஆழம் போகப் போகப் பாறையே கொதிக்கும். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல்; குளிர்காற்றை உள்ளே செலுத்தினால்தான் நிற்க முடியும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறி ஆட்களை அப்படியே மூடிவிடும். அதில் தப்பியவர்களை, துளை போடும்போது பறக்கும் கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்லக் கொன்றது.

வேலை முடிந்து மேலே வந்தால் உடம்பெல்லாம் தடவிச் சோதனை. ஆட்களைக் கைரேகை வைத்துப் பதிவுசெய்யக் கம்பெனி முனைந்தபோது, ‘நாங்கள் என்ன திருடர்களா?’ என்ற கோபம் 1930-ல் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தது.

அந்த ரோஷத்துக்குப் பின்னால் படிப்பு இருந்தது. சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914-ல் அவர் மறைந்த பின், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்துதான் வெளியிட்டார். பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் கூடிச் சாதியையும் சமயத்தையும் விவாதித்த ஊர் இது. தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் தங்கவயலுக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்பது சினிமா பார்த்து இந்த ஊரைத் தெரிந்துகொண்டவர்கள் பலருக்குத் தெரியாது.

1956-ல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஆனால் தங்கம் அருகிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் சில கிராம்தான் தேறியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

இன்று விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூர் ரயிலில் இளைஞர்கள் தொற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஊருக்குள், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு கலந்த மண்மேடுகள் மலைபோல் நிற்கின்றன. காற்றடி காலத்தில் அந்தத் தூசி வீட்டுச் சோற்றிலும் விழும். அந்த மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாத தங்கத்தை எடுக்க இப்போது திட்டம் பேசுகிறார்கள். கழிவில் கிடக்கும் பொன்னுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைச் சுவாசித்தவர்களுக்கு என்ன பாக்கி என்பதையும் அதே கணக்கில் எழுதினால்தான் அது நேர்மையான கணக்கு.