புலியும் ஆடும் சமமாவது எப்படி?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில் மாலை வேளைகளில் எழும் ஒரு கூக்குரல் அன்பர்களுக்குப் பழக்கமானதே. "இது அநியாயம்! அவனுக்கு மட்டும் கூடவே ஒரு மிருகம் சண்டை போடுகிறது!" கணினியிலும் கைப்பேசியிலும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பொருதும் ஆட்டத்தைப் பற்றிய வழக்கு அது. "விளையாட்டுத்தானே" என்று பெரியவர்கள் தள்ளிவிடுகிறோம். அது தள்ளத்தக்கதன்று என்பது நமது அபிப்பிராயம். சமமில்லாத இருவரைச் சமமான போட்டியில் நிறுத்துவது எவ்வாறு என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. அதற்கு நம் முன்னோர் ஒரு விடை கண்டிருக்கின்றனர்.

ஆடுபுலி ஆட்டத்தையே குறிப்பிடுகிறோம். கோயில் மண்டபத் தரைக்கற்களில் அதன் கோடுகள் கீறப்பட்டிருப்பதை, விடுமுறைக்கு ஊர் சென்றவர்கள் பார்த்திருக்கக்கூடும். கோடுகள் கூடும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலி, பக்கத்திலுள்ள ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் குதித்து அதை வெட்டலாம். ஆடோ எதையும் வெட்ட இயலாது. சூழ்ந்து நின்று புலியை அசையவிடாமல் அடைக்கலாம், அவ்வளவே. அதுமட்டுமா? 15 ஆடுகளும் இறங்கி முடியும் வரையில் முன்னிறங்கிய ஆடு ஒன்றும் நகரலாகாது! இவ்விதியைத் தளர்த்தினால் ஆட்டின் கை ஓங்கும். ஆடுகளில் இரண்டைக் குறைத்தால் புலியின் கை ஓங்கும். காய்கள் ஒன்றுபோல் இருக்கவேண்டியதில்லை. எண்ணிக்கையும் விதியும் சேர்ந்து தராசைச் சரிசெய்கின்றன. நேபாளத்தார் ஆடும் 'பாக்சால்' இதற்கு உறவுடையது. அதில் 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். இரு தரப்பாரும் பிழையின்றி ஆடினால் அது வெற்றிதோல்வியின்றி முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணினியைக் கொண்டு நிறுவியுள்ளனர். எழுத்தறியாத யாரோ அளந்து வைத்த அளவாயிருக்கலாம் அது!

இனிப் பிள்ளைகளின் வழக்குக்கு வருவோம். 2004ல் அமெரிக்காவில் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய ஆட்டத்தில் வேட்டைக்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அவன் தொலைவில் நின்று அம்பெய்வான். அவன் பழக்கிய ஓநாயோ கரடியோ முன்சென்று கடிக்கும். ஒருவனுக்கு எதிராக இருவர் அல்லவா என்று எதிராளி கேட்பது இயல்பே. ஆதலால் அவனுக்கு ஒரு குறையும் வைத்திருந்தார்கள்: எதிரி மிக அருகில் வந்துவிட்டால் வில் பயன்படாது. அக்குறை 2012 வரையில் நீடித்தது. விலங்கு மாண்டாலோ வேடனின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆட்டக்காரர்கள் தம்முள் பொருதும்போது அடியின் கடுமையைக் குறைக்கும் காப்பு ஒன்று அவ்வாட்டத்தில் இருந்தது. 2009 டிசம்பரில் வந்த திருத்தமே எஜமானனின் காப்பு முழுவதையும் விலங்குக்கும் அளித்தது. வெளிவந்து ஐந்து ஆண்டுகள் சென்ற பின்னும் தராசைத் திருத்தவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் வேறொரு சிக்கலும் உண்டு. விலங்கு பெரும்பாலும் தானே போரிடுவதால், பழகாதவன் கையில் அது பெருந்துணை. தேர்ந்த எதிராளியோ அதற்குப் போக்குக் காட்டிவிடுவான். ஆடுபுலியிலும் புதியவன் கையிலுள்ள ஆடுகள் விரைவில் மடிகின்றன. யாருக்கு அளந்து விதி செய்வது, புதியவனுக்கா, தேர்ந்தவனுக்கா?

சென்ற மாதம் செம்பூரில் ஓர் இல்லத்தில் இவ்வழக்கு நம் முன் வந்தது. சுண்ணக்கட்டியால் தரையில் கோடிட்டு, 15 புளியங்கொட்டைகளையும் மூன்று கூழாங்கற்களையும் வைத்தோம். ஆட்டுக்குப் பல்லில்லையே என்று முறையிட்ட சிறுவன் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றான். நான்காவதில் புலிகளை மூலையில் அடைத்துவிட்டான். "இப்போது நீ புலியாக இரு" என்றோம். இரவுச் சாப்பாட்டுக்கு மும்முறை அழைத்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.