அகரவரிசையும் கணிப்பொறியும்

அகராதியில் ஒரு சொல்லை நாம் விரைவில் கண்டெடுப்பது எதனால்? எழுத்துக்களுக்கு ஒரு வரிசை உண்டு. அதை அகராதி தொகுத்தவரும் அறிவார், நாமும் அறிவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், இவ்வரிசை இல்லையேல் வெறும் சொற்குவியலே ஆகும். கணிப்பொறி இவ்வரிசையை அறியுமா என்பதையே நான் இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஒருவர் கணிப்பொறியில் சென்னையையும் அதன் புறநகரையும் சேர்ந்த நான்கு இடங்களின் பெயர்களை இம்முறையில் தட்டச்சு செய்கிறார் என்று கொள்வோம்: மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு, ஆவடி. இவற்றை வரிசைப்படுத்த எளிய வழி, செருகி அடுக்குதல். முதற்பெயரை வைத்துக்கொள்க. அடுத்து வரும் ஒவ்வொரு பெயரையும், முன்னரே அடுக்கியவற்றோடு கடைசியிலிருந்து ஒப்பிட்டு, உரிய இடத்தில் செருகுக. ஆழ்வார்பேட்டை மயிலாப்பூருக்கு முன் செல்லும். அடையாறு அனைத்துக்கும் முன் செல்லும். பத்துப் பெயர்களாயின், மிகுதியாகப் போனால் 45 ஒப்பீடுகள். நூறு பெயர்களாயின் 4,950. சிறிய பட்டியலுக்கு இம்முறை போதும்.

இனி ஆவடியைச் செருகுவோம். அது மயிலாப்பூருக்கு முன் வரும் என்பது தெளிவு. ஆழ்வார்பேட்டைக்கு முன்னா, பின்னா? முதலெழுத்து இரண்டிலும் ஆகாரமே. அடுத்து நிற்பவை வகரமும் ழகரமும். நம் நெடுங்கணக்கில் வகரம் 14-ஆம் மெய், ழகரம் 15-ஆம் மெய். ஆதலின் ஆவடியே முந்தும். கணிப்பொறியோ எழுத்தை அறியாது. எழுத்துக்கு இட்ட எண்ணையே அறியும். யூனிகோடு முறையில் ழகரத்தின் எண் 2996, வகரத்தின் எண் 2997. எனவே அது ஆழ்வார்பேட்டையை முன்னே நிறுத்திவிடும்!

இதன் காரணம் யாது? இந்திய எழுத்துக்கள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பை வகுத்தது இஸ்கி முறை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு அதனைத் தழுவிற்று. அப்பொது அமைப்பில் ழகரம் லகர ளகரங்களை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் அமர்ந்துவிட்டன.

பரிகாரம் எளிது. ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கின்படி வரிசை எண் தரும் அட்டவணை ஒன்றை எழுதி, அதைக்கொண்டு ஒப்பிடச் செய்க. புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்க்கு முன் நிற்கும் என்பதையும் அதற்குக் கூறுக. அப்பொழுதுதான் ‘பக்கம்’ என்பது ‘பகல்’ என்பதற்கு முன் வரும். செருகும் முறையில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒப்பிடும் விதியை மாற்றினால் போதும்.

அடுக்கும் வேலை பொறியினுடையது. எது முன், எது பின் என்று அதற்குச் சொல்லவேண்டியவர் தமிழறிந்த நாமே.