பந்தய நாயின் இரத்தம் வேறு

மக்காவில் 2018 ஜூலையில் கெனிட்ரோம் நாய்ப் பந்தயத் திடல் மூடப்பட்டபோது, 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்ட் நாய்கள் போக்கிடம் இல்லாமல் நின்றன. விலங்குநல ஆர்வலர்களின் முயற்சியால் அவை ஹாங்காங், ஐரோப்பா, அமெரிக்கா எனப் பல இடங்களில் உள்ள குடும்பங்களைச் சென்றடைந்தன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள் நாய்ப் பந்தயத்தை நிறுத்த வாக்களித்தனர். அங்கிருந்தும் ஆயிரக்கணக்கான நாய்கள் வீடுகளுக்குப் போயின.

மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாயை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையில் அது பெருந்தூங்கி. சில விநாடி வேகம், பிறகு நாள் முழுதும் மெத்தை. தத்தெடுப்பவர் அஞ்ச வேண்டியது அதன் கால்களை அல்ல. அதன் இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தவறாகப் படிப்பதைத்தான்.

தசைகளுக்கு மிகுதியான உயிர்வளி தேவைப்படுவதால் இந்த இனத்தின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் நெருக்கமாக இருக்கும். மற்ற நாய்களில் இரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்களின் பங்கு பெரும்பாலும் 55 விழுக்காட்டுக்குள் அடங்கும். கிரேஹவுண்டில் அது 60ஐத் தாண்டுவதும் இயல்பு. இதை அறியாதவர், நாயின் உடலில் நீர் வற்றிவிட்டது என்று முடிவு செய்யலாம். இதைவிட ஆபத்தானது மறுபக்கம். 40 விழுக்காடு என்று அறிக்கை வந்தால் அது வேறு நாய்க்குச் சரியான அளவு. கிரேஹவுண்டுக்கோ இரத்தசோகையின் அறிகுறி.

இரத்தத் தட்டணுக்களும் இவற்றுக்குப் பிறவியிலேயே குறைவு. நம் வட்டாரத்தில் தட்டணு குறைந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகிப்பார்கள். தைராய்டு சுரப்பு அளவும் குறைவாகவே காட்டும். நன்றாக இருக்கும் நாய்க்கு ஆயுள் முழுதும் தைராய்டு மாத்திரை கொடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே, நாய் நலமாக இருக்கும்போதே ஒருமுறை இரத்தம் சோதித்து, அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் ஒப்பிட அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது.

மயக்க மருந்து இன்னொரு சிக்கல். தயோபென்டால் என்ற பழைய மருந்து கொடுத்தால் மற்ற நாய்கள் விரைவில் எழுந்துவிடும். கிரேஹவுண்ட் மணிக்கணக்கில் மயங்கிக் கிடக்கும். உடலில் கொழுப்பு குறைவு என்பதே காரணம் என்று முன்பு நினைத்தார்கள். அம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்று இந்த இனத்தில் மந்தமாக இருப்பது பின்னர் தெரியவந்தது. இன்று பாதுகாப்பான மாற்று மருந்துகள் உள்ளன.

தத்தெடுத்த நாய்க்குப் பெரும்பாலும் முதலில் நடப்பது கருத்தடை அறுவை சிகிச்சை. அது நல்லபடி முடிந்து, ஓரிரு நாள் கழித்து உடலில் பெரிய நீலக்காயமும் இரத்தக் கசிவும் தோன்றலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உருவான இரத்தக்கட்டி அளவுக்கு மீறிய வேகத்தில் கரைந்துபோவதே பிரச்சினை. டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்துத் தடுக்கலாம். மருத்துவரிடம் இதை நீங்களே கேட்டுவிடுவது நல்லது; கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குள் நுழையும் அன்று வேறு விந்தைகளைப் பார்ப்பீர்கள். கூண்டிலேயே வளர்ந்த நாய்க்குப் படிக்கட்டு என்றால் என்னவென்று தெரியாது. கண்ணாடிக் கதவில் மோதும். கண் திறந்தபடியே தூங்குவதும் உண்டு; அப்போது பிள்ளைகள் தொட்டு எழுப்பக்கூடாது, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கழுத்துவார் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இதன் தலை கழுத்தைவிடக் குறுகலானது. சாதாரண வாரிலிருந்து பின்வாங்கியே நழுவிவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் வகை வார் வாங்குங்கள். சாலையோரம் ஒரு பூனை ஓடினால் போதும், நீங்கள் கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது.