கல்பாசியின் கூட்டுறவும் சாயத்தின் இரகசியமும்

கறிக்கும் குழம்பிற்கும் மணமூட்டும் கல்பாசியை நம் இல்லங்களில் அறியாதார் சிலரே. பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்து வளரும் அதனைக் காண்போர் ஏதோ ஒரு செடியென்றே எண்ணுவர். உண்மையில் அது தனியோர் உயிரன்று. இரண்டு உயிர்கள் கூடி நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம் என்றே சொல்லலாம். இவ்வினத்திற்கு லைக்கன் என்பது பொதுப்பெயர். நூலுக்குச் சாயமேற்றும் நெசவாளரும் சாயப் பயிர் விளைவிக்கும் விவசாயியும் இதனிடம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

லைக்கன் என்பது ஒரு பூஞ்சணமும் ஒரு பாசியும் இணைந்த வாழ்வு என்பதை 1867-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவர நூலார் சைமன் ஷ்வெண்டனர் எடுத்துரைத்தார். அறிஞர் பலர் முதலில் அதனை ஏற்க மறுத்தனர். இன்று அதில் ஐயமில்லை. பூஞ்சணத்திற்குப் பச்சையம் இல்லை. ஆதலின் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. பாசியோ சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்க வல்லது. ஆனால் வெயில் காயும் பாறையில் தனித்து நின்று பிழைப்பது அதற்கு அரிது. பூஞ்சணம் உறைவிடம் அளிக்கிறது. பாசி சர்க்கரை அளிக்கிறது.

அச்சர்க்கரை எல்லா லைக்கனிலும் ஒன்றல்ல. நாஸ்டாக் என்னும் நீலப்பசும்பாசி குளுக்கோஸைத் தருகிறது. வேறு பாசிகள் ரிபிட்டால், எரித்ரிட்டால் போன்ற சர்க்கரையினப் பொருள்களைத் தருகின்றன. கூட்டிலிருந்து பாசியைப் பிரித்தெடுத்து வளர்த்தால், அது சர்க்கரையை வெளியே விடுவது விரைவில் குன்றிவிடுகிறது. சேர்ந்திருக்கும் வரையில்தான் பங்கீடு நடைபெறுகிறது!

சர்க்கரை பிறிதொரு பொருளோடு ஒருவகைப் பிணைப்பால் இணைந்து நிற்குமாயின், அக்கூட்டுப் பொருளைக் கிளைக்கோசைடு என்பர். 1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயன நூலார், பாறையில் வளரும் அம்பிலிக்கேரியா என்னும் லைக்கனிலிருந்து அம்பிலிசின் என்ற கிளைக்கோசைடைப் பற்றி வெளியிட்டனர். அதில் காலக்டோஸ் என்னும் சர்க்கரை அராபிட்டாலோடு பிணைந்துள்ளது.

இப்பிணைப்பு நமக்குப் புதியதன்று. அவுரி இலையில் நீலநிறம் வெளிப்படையாக இல்லை. இலைக்குள் இருப்பது இண்டிகான் என்னும் நிறமற்ற கிளைக்கோசைடு. இலையைத் தொட்டி நீரில் ஊறவைத்தால் அப்பிணைப்பு அறுகிறது. குளுக்கோஸ் ஒருபுறமும் இண்டாக்சில் என்னும் பொருள் மறுபுறமுமாகப் பிரிகின்றன. ஊறிய நீரை வேறு தொட்டிக்கு மாற்றி அடித்துக் கலக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து இண்டாக்சில் நீலமாகி அடியில் படிகிறது. தொட்டியில் நின்று காலால் அடித்த நம் முன்னோர் சர்க்கரையின் பிணைப்பை அறியார். ஆயினும் அதனை அறுக்கும் முறையைச் செவ்வையாக அறிந்திருந்தனர்.

லைக்கன் சாயத்திலும் இத்தகையதொரு கதை உண்டு. மத்தியதரைக் கடலோரத்திலும் கானரித் தீவுகளிலும் ரொக்கெல்லா என்னும் லைக்கன் வளர்கிறது. ரொக்கெல்லா மோன்டாஞ்சி என்ற இனம் நம் கடற்கரை மரங்களிலும் காணப்படுகிறது. அதில் எரித்ரின் என்னும் பொருள் உள்ளது. எரித்ரிட்டாலும் லெக்கனாரிக் அமிலமும் பிணைந்த கூட்டு அது. கண்டிப்பான பொருளில் கிளைக்கோசைடு அன்று, எனினும் அதன் உறவினமே. ரொக்கெல்லாவிற்குள் வாழும் டிரென்டிபோலியா என்னும் பாசியினம் பூஞ்சணத்திற்கு வழங்குவதும் அந்த எரித்ரிட்டாலையே. 1848-இல் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் ஸ்டென்ஹவுஸ் கண்டறிந்த இவ்வினிப்புப் பொருள் இன்று சர்க்கரைக்கு மாற்றாகக் கடைகளில் விற்கப்படுகிறது.

சாயக்காரர் லைக்கனை நொறுக்கி, புளித்த சிறுநீரிலோ அம்மோனியா நீரிலோ பல நாள் காற்றுப்பட ஊறவைப்பர். பிணைப்பு அறுந்து ஆர்சினால் தோன்றும். பிராணவாயுவும் அம்மோனியாவும் சேர அது ஆர்சீன் என்னும் ஊதாச் சாயமாகும். ஆர்சினாலைப் பிரான்சு நாட்டு ராபிகே 1829-இல் பிரித்தெடுத்தார். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து ருச்செல்லாய் குடும்பத்தார் இச்சாய வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டினர்.

இச்சாயம் பட்டிலும் கம்பளியிலும் படிகாரம் சேர்க்காமலே எளிதில் ஏறும். ஆனால் பருத்தியில் செவ்வையாகப் பற்றாது. வெயிலில் விரைவில் மங்கும். 1856-இல் பெர்க்கின் செயற்கை ஊதாவைக் கண்டபின் சாயச்சாலைகளில் இதன் செல்வாக்குத் தேய்ந்தது.

இயற்கைச் சாயத்தை விரும்பிக் கேட்போர் இன்று மீண்டும் பெருகி வருகின்றனர். நம் அங்கத்தினர் இங்குதான் எண்ணிப் பார்க்கவேண்டும். லைக்கன் ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஒரு நாளில் சுரண்டி எடுத்த இடத்தை நிரப்ப அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அவுரியோ விதைத்த ஆண்டிலேயே இலை தரும். அவரையினத்தைச் சேர்ந்ததாதலின் நிலத்திற்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஊறிய சக்கை எருவாகும். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அது பயிராகிறது. பருத்தியில் அது நிலைத்து நிற்கும் வண்ணம் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

சங்கத்தின் முதலை எடுத்துச் செலவிடலாகாது, அதன் வருவாயிலேயே வாழவேண்டும் என்பது நாம் அறிந்த நெறி. மரத்திலும் பாறையிலும் உள்ள லைக்கன் நிலத்தின் முதல். வயலில் விளையும் அவுரி அதன் வருவாய். மரத்திலிருந்து தானே உதிர்ந்து விழுந்த லைக்கனைக் கொண்டு பட்டுநூலில் சிறிதளவு சோதனை செய்துபார்ப்பதில் தவறில்லை. மரத்தில் உயிரோடிருப்பதைச் சுரண்ட வேண்டாம். பல ஆண்டுகள் கூடி உழைத்துச் சேர்த்த ஒரு சங்கத்தின் சொத்து அது என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துவார்களாக.