மறதியை அளக்கும் முறை

மதுரை மாநகரின் நடுவே மீனாட்சியம்மன் கோயில் விளங்குகின்றது. அதனைச் சூழ்ந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என வீதிகள் அடுக்கடுக்காய் விரிந்து செல்கின்றன. அவ்வீதிகளில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த முதியவர் ஒருவர், தம் வீட்டிற்கு வழி தெரியாமல் ஒருநாள் திகைத்து நிற்பாராயின், 'வயதாகிவிட்டது' என்று கூறி உற்றார் அமைதி அடைவர். அது தவறு. சாவி வைத்த இடத்தை மறப்பது முதுமையின் இயல்பு. நாள்தோறும் நடந்த வழியை மறப்பதோ நோயின் அறிகுறி. அந்நோயும் ஒன்றன்று, பல.

1906ஆம் ஆண்டில் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், நினைவிழந்து இறந்த பெண்மணி ஒருவரின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அவர் பெயர் பெற்ற நோயே மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் பழுதுறுவதால் வருவது மற்றொரு வகை. லூயி என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் நுண்திரள்கள் மூளையில் தங்குவதால் வருவது பிறிதொரு வகை. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சுருங்குவதால் வருவதும் உண்டு.

இவற்றை எங்ஙனம் பிரித்தறிவது? மல்லிகை, குடம், வண்டி எனச் சில சொற்களை மருத்துவர் கூறுவார். சிறிது நேரம் கழித்து அவற்றைக் கேட்பார். 'அவற்றுள் ஒன்று பூ' என்று குறிப்புத் தந்தாலும் அல்சைமர் நோயாளருக்குப் பெரும்பாலும் நினைவு வாராது. சொல் மனத்தில் பதியவே இல்லை. குருதிக் குழாய் பழுதுற்றவரோ குறிப்புக் கிடைத்ததும் பலகால் கூறிவிடுவார். அவரிடம் சிந்தனையின் விரைவும் திட்டமிடும் திறனுமே முதலில் தளரும். லூயி வகையினர் கடிகார முகத்தை வரைவதற்கு இடர்ப்படுவர். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுவதாகவும் கூறுவர். முன்மூளை சுருங்கியவரிடம் தொடக்கத்தில் நினைவு நிலைத்திருக்க, நடத்தையோ பேச்சோ மாறும்.

ஆயினும் அளவுகோல் அளக்கப்படுவோர்க்கு ஏற்றதாதல் வேண்டும். 1975இல் அமெரிக்காவில் வெளிவந்த முப்பது மதிப்பெண் சோதனை, எழுதவும் படிக்கவும் பணிக்கின்றது. எழுத்தறியாதவர் அதில் தவறினால் அது நோயாகுமா? இக்குறையை நீக்க, அரியானா மாநிலத்துப் பல்லப்கர் வட்டாரச் சிற்றூர்களுக்கென அதன் இந்தி வடிவம் அமைக்கப்பட்டு, 1995இல் வெளியாயிற்று. வாக்கியம் எழுதுவதற்கு மாறாகத் தம் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவும், படித்துச் செய்வதற்கு மாறாக எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யவும் அதில் கேட்டனர். மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளில் உழுது முதிர்ந்தவரிடமும் ஆங்கிலத் தேதியைக் கேளாது தமிழ் மாதத்தைக் கேட்பதே அறிவுடைமை.

வகையறிதல் வீண் ஆராய்ச்சியன்று. பொய்த்தோற்றங்களை அடக்கத் தரும் சில மருந்துகள் லூயி வகையினர்க்குப் பெருந்தீங்கு விளைக்கும். வைட்டமின் பி12 குறைவாலும், தைராய்டுச் சுரப்பியின் தளர்ச்சியாலும், மனச்சோர்வாலும் வரும் மறதி உரிய மருத்துவத்தால் நீங்கவும் கூடும். ஆதலின் கேள்விச் சோதனையோடு குருதிச் சோதனையும் மூளைப் படமும் கண்ட பின்னரே மருத்துவர் முடிவு கூறுவர்.

அறுபது வயது நிரம்பிய இந்தியருள் நூற்றுக்கு எழுவர்க்கு மேல் மறதிநோய் உற்றுள்ளனர் என 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. அத்தகையோர் நம் இல்லங்களிலும் இருத்தல் கூடும். அவர்தம் தடுமாற்றத்தை நகையாடாது, காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் இளையோர் கடனாகும்.