மேசைக்கடியில் வெடிகுண்டு!

"மர்மப் படம்தானே! கொட்டகையை நிரப்பும் வித்தை, கலையா அது?" — ஆல்பிரட் ஹிட்ச்காக்கைப் பற்றி இப்படி ஏளனம் பேசிய மேதாவிகள் அமெரிக்காவில் ஏராளம்.

ஏற்க மறுத்தார் பிரான்சுவா த்ரூஃபோ. பிரெஞ்சு விமர்சகர், பின்னர் தாமே படமெடுத்தவர். 1962 ஆகஸ்டில் ஹாலிவுட் சென்றார். கேட்டவருக்கு வயது 30, விடையளித்தவருக்கு 63. ஒருவர் மொழியை மற்றவருக்குப் பெயர்த்துச் சொன்னவர் ஹெலன் ஸ்காட் அம்மையார். பல நாள் நீடித்த அந்த உரையாடல் 1966இல் பாரிசில் நூலாயிற்று.

தொழில் இரகசியத்தை மூத்தவர் ஒளிக்கவில்லை. மேசைக்கடியில் வெடிகுண்டு. நாலுபேர் அமர்ந்து ஏதோ அரட்டையடிக்கிறார்கள். குண்டிருப்பதைக் காட்டாமலே வெடிக்க வைத்தால், பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான்! முன்னரே காட்டிவிட்டாலோ? அதே வெட்டிப்பேச்சு 15 நிமிடம் நெஞ்சைப் பிசையும். "ஐயோ, எழுந்து ஓடுங்கள்!" என்று கொட்டகையே துடிக்கும்.

கவனித்தீர்களா? மக்களிடம் மறைப்பவனுக்குக் கிடைப்பது ஒரு கணத் திடுக்கிடல். உண்மையை அவர்கள் கையில் ஒப்படைப்பவனோ, அவர்களையே கதையில் பங்காளியாக்குகிறான்!

அந்த நூல் வந்தபின் ஏளனக் குரல் தேய்ந்தது. பாமரன் ரசிப்பதாலேயே ஒரு கலையைத் தாழ்த்துவோர் இன்றும் உண்டு. அவர்கள் தரை டிக்கெட்டில் அமர்ந்து அந்த 15 நிமிடத்தைப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும்!